இரண்டு கிருமிகள், ஒரு சிறு ஈரல்

கிறிஸ்து இயேசுவில் பிரியமான ஊழியப் பங்காளர்களே,

எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் பிள்ளைகளுக்காக நீங்கள் தொடர்ந்து ஜெபித்தும் கொடுத்தும் வருகிறீர்கள். அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். உங்களில் சிலர் ஒரு கேள்வியும் கேட்பதுண்டு: "எச்.ஐ.வி. மாத்திரைகளை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறதே, அப்படியிருக்க மிஷன் ஆஸ்பத்திரியில் இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் என்ன செலவு?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில்கள் பல உண்டு. அவற்றில் சபைகளில் அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் இந்த இதழில் விளக்க விரும்புகிறோம். அது இப்பிள்ளைகளின் ஈரலைப் பற்றியது.

நாம் கடந்து வந்த தூரம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986ஆம் ஆண்டில் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் முயற்சி எடுத்துச் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பரிசோதிக்கப்பட்டன. அந்நாட்களில் இக்கிருமியோடு பிறந்த குழந்தைக்குக் கொடுக்க நம்மிடம் மருந்து இல்லை. அணைத்துக்கொள்ளவும், காய்ச்சலைத் தணிக்கவும், ஜெபிக்கவும் மட்டுமே முடிந்தது.

2004 ஏப்ரல் 1 முதல் அரசாங்கம் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2006 நவம்பர் 30 அன்று பிள்ளைகளுக்கென்று தனித் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று மருந்தைத் தவறாமல் சாப்பிடும் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, ஞாயிறு பள்ளியில் பாடுகிறது, வளர்ந்து வேலைக்குப் போய்த் திருமணமும் செய்துகொள்கிறது. தேவன் செய்த இந்த மாற்றத்தை நாம் கண்ணாரக் காண்கிறோம்.

பிள்ளைகள் நீடித்து வாழ்வதனாலேயே முன்னே கவனிக்கப்படாத வேறு வியாதிகள் இப்பொழுது முன்னுக்கு வருகின்றன. முன்பு எச்.ஐ.வி. முந்திக்கொண்டது. இப்பொழுது அது கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் மெதுவாக வேலை செய்யும் மற்றொரு கிருமி அதே உடலில் இருந்தால், இருபது முப்பது ஆண்டுகளில் அது தன் வேலையை முடித்துவிடும். ஹெப்பட்டைட்டிஸ் 'பி' அப்படிப்பட்ட கிருமி. 'சி' என்பது மற்றொன்று.

எல்லாக் காமாலையும் ஒன்றல்ல

கண் மஞ்சளானால் 'காமாலை' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். காமாலை ஒரு அடையாளமே தவிர, தனி வியாதி அல்ல. ஈரல் அழற்சியை உண்டாக்கும் வைரஸ் கிருமிகள் பல உண்டு. 'ஏ', 'ஈ' என்னும் இரண்டும் அசுத்தமான தண்ணீரினாலும் உணவினாலும் வருகின்றன. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் தீர்ந்துவிடுகின்றன. 'பி', 'சி' என்னும் இரண்டும் இரத்தத்தின் வழியாகப் பரவுகின்றன. தாயிடமிருந்து பிரசவ நேரத்தில் குழந்தைக்கும், சுத்தம் செய்யாத ஊசி, பரிசோதிக்கப்படாத இரத்தம், ஒருவர் சவரம் செய்த பிளேடு ஆகியவற்றின் மூலம் மற்றவர்களுக்கும் போகின்றன. 'பி' கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத் துளியில்கூட, குறைந்தது 7 நாட்கள் உயிரோடிருக்கும். எச்.ஐ.வி. பரவும் வழிகளும் ஏறக்குறைய இவைகளே. ஆகையால் ஒன்று வந்த இடத்தில் மற்றொன்றும் வந்திருக்கக்கூடும். தாலசீமியா போன்ற வியாதிகளுக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளை நாம் விசேஷமாகக் கவனிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் உலகில் 25 கோடியே 40 இலட்சம் பேர் ஹெப்பட்டைட்டிஸ் 'பி' கிருமியோடு வாழ்ந்தார்கள். இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 2 கோடியே 98 இலட்சம் பேர். அந்த ஒரே ஆண்டில் உலகில் 11 இலட்சம் பேர் அதனால் மரித்தார்கள்.

இந்தக் கிருமியின் விசேஷம் ஒன்றை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். வளர்ந்த மனிதருக்கு இது தொற்றினால், 100 பேரில் 95 பேருக்கு மேல் உடலே அதை வென்று வெளியேற்றிவிடுகிறது. பிறந்த குழந்தைக்குத் தொற்றினாலோ, 100க்கு 90 குழந்தைகளிடம் அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. அக்குழந்தைக்குக் கண் மஞ்சளாவதில்லை, வலியும் இருப்பதில்லை. ஓடி விளையாடும். ஈரல் மட்டும் உள்ளுக்குள்ளே சிறிது சிறிதாகத் தழும்பேறிக்கொண்டிருக்கும். வெளியே தெரியும் நாளில் அது ஈரல் சுருக்கமாகவோ ஈரல் புற்றுநோயாகவோ ஆகியிருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்தால் தவிர இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இரண்டும் சேரும்போது

எச்.ஐ.வி. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தாக்குகிறது. 'பி' கிருமியை அடக்கி வைக்க வேண்டியதும் அதே எதிர்ப்புச் சக்திதான். காவற்காரன் சோர்ந்துபோன வீட்டில் திருடனுக்குச் சுலபம். ஆகவே இரண்டும் உள்ளவர்களிடம் 'பி' கிருமி அதிகமாகப் பெருகுகிறது. ஈரலில் தழும்பு விரைவாக உண்டாகிறது. எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளில் பலருக்குக் காசநோயும் வருகிறது. காசநோய் மாத்திரைகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் ஆகிய மூன்றும் ஈரலுக்குப் பாரமானவை. ஏற்கெனவே புண்பட்ட ஈரலின்மேல் இந்தப் பாரமும் ஏறும்போது, வைத்தியர் மிகுந்த கவனத்தோடு நடக்க வேண்டியிருக்கிறது.

மருந்திலே உள்ள சிக்கல்

இது சற்று நுட்பமான காரியம். பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

எச்.ஐ.வி.க்கு ஒரே மருந்து கொடுத்தால் போதாது, மூன்று மருந்துகள் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரே மருந்தானால் கிருமி சீக்கிரத்தில் அதற்குப் பழகிவிடும். அந்த மருந்துகளில் சில, தேவ கிருபையாக, 'பி' கிருமியையும் அடக்கக்கூடியவை. டெனோஃபோவிர் என்பது அதில் வல்லமையானது. நீண்ட காலம் பலன் தருவது. லாமிவுடின் என்பதும் அடக்கும்; ஆனால் அது தனியாக நின்றால் கிருமி அதற்குப் பழகிவிடும். பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளில், எச்.ஐ.வி.யும் 'பி'யும் சேர்ந்திருந்து லாமிவுடினை மாத்திரம் நம்பியிருந்தவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதிப்பேரிடமும், நான்கு ஆண்டுகளுக்குள் பத்தில் ஒன்பது பேரிடமும் 'பி' கிருமி அம்மருந்துக்கு அடங்காமற்போயிற்று.

பெரியவர்களுக்கு இன்று வழக்கமாகக் கொடுக்கப்படும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிரவிர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஆகையால் இரண்டு கிருமிகளும் உள்ள தாய் அந்த மாத்திரையைச் சாப்பிட்டால், அவளே அறியாமல் இரண்டுக்கும் வைத்தியம் நடந்துவிடுகிறது. சிறு பிள்ளைகளுக்கோ அப்படியல்ல. அவர்களுடைய எலும்பு, சிறுநீரக வளர்ச்சியை எண்ணி, டெனோஃபோவிருக்குப் பதிலாக அபாகவிர் என்னும் மருந்தே பெரும்பாலும் கொடுக்கப்படுகிறது. அபாகவிர் எச்.ஐ.வி.க்கு நல்ல மருந்து. 'பி' கிருமியை அது தொடுவதேயில்லை. அப்படியானால் அந்தப் பிள்ளையின் ஈரலைக் காக்க நிற்பது லாமிவுடின் ஒன்றுதான். நாம் மேலே சொன்ன அபாயம் அங்கே ஓசையின்றித் தொடங்குகிறது.

ஏழு வயதுப் பிள்ளை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறது. எச்.ஐ.வி. எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருக்கிறது. எடை கூடியிருக்கிறது. அட்டையில் எல்லாம் நலம் என்றே எழுதியிருக்கிறது. 'பி' கிருமிக்கான பரிசோதனையை மாத்திரம் ஒருவரும் செய்யவில்லை. அந்தப் பரிசோதனையைச் செய்திருந்தால், வயதும் எடையும் போதுமானதாக இருக்கும்போது டெனோஃபோவிர் உள்ள மருந்துக்கு வைத்தியர் மாற்றியிருப்பார். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அதைத் தகுந்த அளவில் கொடுக்கலாம். இரண்டு பாதைகளுக்கும் நடுவே நிற்பது ஒரு சொட்டு இரத்தமும், சில நிமிடங்களில் முடியும் ஒரு பரிசோதனையுமே.

மருந்து நின்றுபோனால்

இரண்டு கிருமிகளும் உள்ள பிள்ளைக்கு மருந்து திடீரென்று நின்றால் என்ன ஆகும்? எச்.ஐ.வி. மீண்டும் பெருகும் என்பது எல்லோருக்கும் தெரியும். 'பி' கிருமியும் கூடவே எழும்பி, ஈரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. சில சமயங்களில் அது உயிருக்கே ஆபத்தாக முடியும். அதனால்தான் இப்பிள்ளைகளின் மருந்தை மாற்றும்போதுகூட, 'பி'யை அடக்கும் மருந்தை விட்டுவிடாமல் தொடர வேண்டும் என்று வைத்தியர்கள் கவனமாயிருக்கிறார்கள்.

மருந்து ஏன் நிற்கிறது? அலட்சியத்தினால் நிற்பது குறைவு. தாய் தகப்பனை இழந்து பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் உண்டு. பாட்டிக்கு மூட்டுவலி வந்தால் பஸ் ஏற முடியாது. நடவு வேலை நடக்கும் நாட்களில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஏ.ஆர்.டி. மையத்திற்கு வர முடியாது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, மற்றப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு மாத்திரையைச் சாப்பிடாமல் விட்டுவிடும். மாத்திரை இலவசம், அந்த மாத்திரையிடம் போய்ச் சேருவது இலவசமல்ல.

'சி' கிருமியைப் பற்றி

ஹெப்பட்டைட்டிஸ் 'சி' கிருமி 1989இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆராய்ச்சிக்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2020இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கிருமி உள்ள தாய்க்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 5 அல்லது 6 குழந்தைகளுக்கு அது தொற்றுகிறது. தாய்க்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் இது ஏறக்குறைய இருமடங்காகிறது. இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனாலும் நல்ல செய்தி ஒன்று உண்டு: இதை முற்றிலும் குணமாக்கலாம். சோஃபோஸ்புவிர் போன்ற மாத்திரைகளைப் பெரும்பாலும் 12 வாரங்கள் சாப்பிட்டால், 100க்கு 95 பேருக்குமேல் கிருமி அடியோடு நீங்குகிறது. 3 வயதான பிள்ளைகள் முதற்கொண்டு இவ்வைத்தியத்தைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. குணமாகக்கூடிய வியாதியோடு ஒரு பிள்ளை பரிசோதனை இல்லாத காரணத்தால் வாழ்ந்துகொண்டிருந்தால், அது நமக்குத் துக்கமல்லவா?

முதல் 24 மணி நேரம்

'பி' கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் ஒரு ஊசி. பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் மற்றத் தடுப்பூசிகளோடு சேர்த்து மூன்று. தாய்க்குக் கிருமி இருப்பது தெரிந்தால், குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் என்னும் ஊசியும் கூடவே போடப்படுகிறது. தாய் கர்ப்பமாயிருக்கும்போதே டெனோஃபோவிர் சாப்பிட்டால் பாதுகாப்பு இன்னும் அதிகம். இவையெல்லாம் சேர்ந்து நடக்குமானால் மிகப் பெரும்பாலான குழந்தைகள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இதன் பலன் உலகம் கண்ட ஒன்று. தைவான் நாட்டில் 1984இல் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஈரல் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில் இத்தடுப்பூசி 2011இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அதற்கு முன் பிறந்து, இன்று வாலிபராகியிருக்கும் எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளில் பலர் இதைப் பெறாதவர்களே.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. அப்படியிருந்தும் அந்த முதல் ஊசி தவறிப்போக இடமுண்டு. இரவு 11 மணிக்குப் பிரசவம், மறுநாள் ஞாயிறு, குளிர்பெட்டியின் சாவி இருப்பவர் விடுப்பில் என்று சிறு சிறு காரணங்கள் போதும். பிரசவ அறையில் எந்த நேரமும் ஊசி மருந்து இருக்க வேண்டும், போடத் தெரிந்த நர்ஸ் இருக்க வேண்டும். ஊழியம் என்பது பல நேரங்களில் இப்படிப்பட்ட எளிய உண்மையுள்ள வேலைதான்.

எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளுக்கு இத்தடுப்பூசி பாதுகாப்பானது. ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் எப்போதும் முழுப் பலன் தருவதில்லை. தந்தாலும் சீக்கிரம் குறைந்துவிடலாம். ஆகவே பாதுகாப்பு உண்டாயிற்றா என்று இரத்தத்தில் பார்த்து, இல்லாவிட்டால் மறுபடியும் போட வேண்டும்.

கீழாநெல்லி போதாதா?

இக்கேள்வி நம் கிராமங்களில் எப்போதும் வரும். இதை ஏளனம் செய்யக்கூடாது. கீழாநெல்லியைக் கொண்டு ஹெப்பட்டைட்டிஸ் 'பி' உள்ளவர்களிடம் சென்னையில் நடந்த ஒரு ஆய்வு 1988இல் 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழிலே வெளிவந்தது; நல்ல பலன் கிடைத்ததாகவும் சொன்னது. பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் அதே பலனைக் காட்டவில்லை. 'ஏ' கிருமியால் வந்த காமாலை தானாகவே தீர்வதால், சாப்பிட்ட பச்சிலைக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. இரண்டு கிருமிகளும் உள்ள பிள்ளைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பச்சிலை கொடுப்பது மிகவும் ஆபத்தானது. உங்கள் சபையில் யாராவது இப்படிச் செய்ய எண்ணினால், அன்போடு தடுத்து வைத்தியரிடம் அனுப்புங்கள்.

நம்முடைய கைகள் பயப்பட வேண்டியதில்லை

சேர்ந்து சாப்பிடுவதாலோ, கட்டியணைப்பதாலோ, ஒரே பெஞ்சில் உட்காருவதாலோ, ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடிப்பதாலோ இந்த மூன்று கிருமிகளும் பரவுவதில்லை. பல் துலக்கும் பிரஷ், சவர பிளேடு, நகவெட்டி ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது, அவ்வளவே. குஷ்டரோகியைத் தொட்ட ஆண்டவரைப் பின்பற்றுகிற நாம், ஒரு பிள்ளையைத் தொடத் தயங்கலாமா?

இந்தக் கட்டுரையோடு எந்தப் பிள்ளையின் படமும் பெயரும் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளிப்படுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அது 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அன்பு அதையே சொல்லும். அந்தப் பிள்ளைகளுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடமும் வேலையும் திருமணமும் இருக்கின்றன.

அப்படியானால் உங்கள் காணிக்கை எதற்கு?

எச்.ஐ.வி. மருந்தை அரசாங்கம் கொடுக்கிறது. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய ஈரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூலம் 'பி', 'சி' இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. இதற்காக நன்றி செலுத்துகிறோம். அங்கே கிடைப்பதை விலைகொடுத்து வாங்குவதற்காக நாம் உங்களிடம் காணிக்கை கேட்கவில்லை.

அந்த மையத்திற்கும் பிள்ளைக்கும் நடுவே இருக்கும் தூரத்தை நிரப்பவே கேட்கிறோம். பாட்டிக்கும் பேரனுக்கும் பஸ் கட்டணம், அன்றைய சாப்பாடு, எச்.ஐ.வி. உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் 'பி', 'சி' பரிசோதனை தவறாமல் நடந்ததா என்று பதிவேட்டைப் பார்த்து, நடக்கவில்லையானால் உடனே செய்யும் ஒரு ஊழியர். மருந்து வாங்க வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போகும் ஒரு சகோதரி. ஈரல் எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது பார்க்கும் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். பிரசவ அறையில் எப்போதும் தயாராக இருக்கும் தடுப்பூசி. இவை ஒவ்வொன்றும் சிறியவை. எதற்கும் கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாது. ஆனால் இவற்றில் ஒன்று தவறினால் சங்கிலி அறுந்துபோகிறது.

திமிர்வாதக்காரனை நான்குபேர் படுக்கையோடு சுமந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னே இறக்கிய சம்பவத்தை நீங்கள் அறிவீர்கள். குணமாக்கியவர் ஆண்டவர். அந்த நால்வர் செய்ததோ தூக்கிச் சென்றது மட்டுமே. ஆயினும் அவர்கள் இல்லாமல் அவன் அவ்விடம் வந்து சேர்ந்திருக்க முடியாது.

ஜெபக் குறிப்புகள்

இரண்டு கிருமிகளோடு போராடும் பிள்ளைகள் தங்கள் மருந்தைச் சலிப்பின்றித் தொடர்ந்து சாப்பிடவும், வாலிப வயதை எட்டும்போது மனந்தளர்ந்து நிறுத்திவிடாமலிருக்கவும் ஜெபியுங்கள்.

அவர்களை வளர்க்கும் பாட்டி, தாத்தாமாருக்குச் சரீர பெலன் கிடைக்க ஜெபியுங்கள்.

கர்ப்பிணித் தாய்மார் யாவரும் எச்.ஐ.வி., ஹெப்பட்டைட்டிஸ் 'பி' பரிசோதனைகளுக்கு முன்வரவும், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் முதல் நாளிலேயே தடுப்பூசி பெறவும் ஜெபியுங்கள்.

பரிசோதனைக் கூடத்திலும் பிரசவ அறையிலும் இரவும் பகலும் உழைக்கும் நம் ஊழியர்களுக்காக ஜெபியுங்கள்.

உங்கள் வீட்டில் சிறு குழந்தை இருந்தால், அதன் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். பிறந்த அன்று போட வேண்டிய ஹெப்பட்டைட்டிஸ் 'பி' ஊசியும், பின்னர் வரும் மூன்றும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். விடுபட்டிருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சிறு பிள்ளைகளை நேசிக்கும் ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் மருத்துவமனை ஊழியர்கள்